தேர்வு வரிசையும் வாய்ப்பும்

அமெரிக்கக் காற்பந்து, நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. அந்நாட்டுத் தேசியக் காற்பந்து லீக்கின் அணிகள் 1936 முதல் ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை ஒருவர்பின் ஒருவராகத் தெரிந்தெடுத்து வருகின்றன. முந்திய பருவத்தில் மிகுதியாகத் தோற்ற அணிக்கே வழக்கமாக முதலுரிமை.

முதலில் அழைக்கப்படும் இளைஞனுக்குப் பெருஞ்சம்பளமும் பல வாய்ப்புகளும் கிட்டும். ஊராரின் எதிர்பார்ப்பும் தோளில் ஏறும். பின்னால் வருபவனோ சிறு பிழைக்கும் விலக்கப்படலாம். ஆகவே அந்த எண், திறமையைக் கணிப்பதோடு நில்லாமல் வாய்ப்பையும் பங்கிடுகிறது.

2007இல் முதல்வராகத் தேர்வான ஜாமார்கஸ் ரசல் மூன்று பருவங்களே ஆடினார். 2000இல் 199ஆவதாகத் தேர்வான டாம் பிரேடியோ, ஏழு முறை சூப்பர் பௌல் வென்றார். ஆனால், 2001இல் அணியின் முதன்மை ஆட்டக்காரர் காயமுற்ற பின்னரே அவருக்கு அவ்விடம் கிடைத்தது. அக்காயம் நேராதிருந்தால்?

மதிப்பெண் வரிசைப்படி மாணவரை அமர்த்தி, முன்வரிசையையே மிகுதியாக வினவிய ஆசிரியன் நான். வினாவே கேட்கப்படாமல் கடைசி வரிசையில் இருந்தோர் எத்தனை பேரோ! அதனை இன்று எண்ணி வருந்துகிறேன்.

மாணவர்களே, உங்கள் எண் பிறர் நேற்றுச் செய்த கணிப்பே. வாய்ப்பு வரும்போது ஆயத்தமாயிருப்பது உங்கள் கடமை. அதனை அனைவர்க்கும் அளிப்பது எங்கள் கடமை.