கிணற்றடியில் ஒரு பழங்குலம்

மலையாள நாட்டிலே, செம்பாறைக்கு அடியில், சூரிய வெளிச்சம் புகாத நிலத்தடி நீரில், விலாங்கைப் போல் நீண்ட சிறு மீன் ஒன்று வசிக்கிறது. மலப்புறம் ஜில்லா ஊரகத்தில் அகப்பட்ட இம்மீனுக்கு 2019-ல் ஜந்து சாஸ்திரிகள் ‘ஈனிக்மசன்னா’ என்று பெயரிட்டனர். ‘புதிர் விரால்’ என்பது அதன் கருத்து. 2020-ல் இதற்கெனத் தனிக் குடும்பமே வகுக்கலாயினர்.

காரணம் யாது? வெளிக்காற்றைச் சுவாசிக்க விராலுக்குச் செவுளின் மேல் ஓர் உறுப்பு உண்டு. இதற்கு அது இல்லை. இரண்டும் உடன்பிறந்த குலங்களே எனினும், 3.4 கோடி முதல் 10.9 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அவை பிரிந்தன என்று மரபணுக் கணக்கு கூறுகிறது. பாரத பூமி ஆப்பிரிக்காவோடு ஒட்டியிருந்த காலத்து வமிசமாகவும் இது இருக்கலாம் என்று ஊகிக்கின்றனர்.

கண்டங்கள் இடம் பெயர்ந்த காலத்திலும் நசியாத குலம், நாம் வரம்பின்றி நீரை இறைத்தாலும் பாறையை வெட்டினாலும் நசித்துப் போகக்கூடும். அவ்வூற்றையே நம்பித்தான் அங்குள்ள ஜனங்களின் குடங்களும் நிரம்புகின்றன. ஊற்றைக் காப்போர் மீனையும் காத்தோராவர். இதைச் சர்க்காரும் ஜனங்களும் இப்பொழுதே உணர்தல் வேண்டும்.