235 ரியோவுக்கு ஏலம் போன கோட்டை: மட்சுமோட்டோ தப்பிப் பிழைத்தது எப்படி?

ஜப்பானின் நகானோ மாநிலத்தில், பனி மூடிய ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பின்னணியில் கருகருவென நிற்கிறது மட்சுமோட்டோ கோட்டை. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக வைத்த பெயர் ‘காக்கைக் கோட்டை’. இன்று இது தேசியப் பொக்கிஷம். ஆனால் 1872-ல் இதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. மரத்துக்கும் இரும்புக்கும் தேறுமே என்றுதான் ஏலம் கேட்டார்கள்!

கோட்டை என்றால் மலை உச்சியில்தானே இருக்கும் என்று தோன்றலாம். இது ‘ஹிராஜிரோ’ வகை, அதாவது சமவெளிக் கோட்டை. ஏறி வரக் குன்று இல்லாததால் எதிரியைத் தடுக்கும் வேலை முழுக்கத் தண்ணீருடையது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அகழிகள். இஷிகாவா கசுமாசாவும் அவர் மகன் யசுனாகாவும் 1590-களில் கட்டிய பிரதான கோபுரம், துப்பாக்கிச் சண்டைக்காகவே திட்டமிடப்பட்டது. துப்பாக்கி நீட்டவும் அம்பு எய்யவும் சுவர்களில் 115 துளைகள். வெளியிலிருந்து எண்ணினால் ஐந்து அடுக்கு. உள்ளே ஏறிப் பார்த்தால் ஆறு தளம். மூன்றாவது தளத்துக்கு ஜன்னலே கிடையாது, அது ரகசியத் தளம்.

வேடிக்கை என்னவென்றால், சுமார் 40 வருஷம் கழித்து அதே கோபுரத்தை ஒட்டி நிலா பார்க்க ஒரு மண்டபம் கட்டினார்கள். ஷோகன் இயெமிட்சு வரப்போகிறார் என்று ஏற்பாடு. கடைசியில் அவர் வரவே இல்லை. போர்க்காலம் முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

சரி, ஏலத்துக்கு வருவோம். மெய்ஜி ஆட்சி வந்து சாமுராய் முறை ஒழிந்ததும், கோட்டைகள் பழைய அதிகாரத்தின் மிச்சமாகவே பார்க்கப்பட்டன. நாடு முழுக்கப் பல கோட்டைகள் இடிக்கப்பட்டன. மட்சுமோட்டோ கோபுரம் 235 ரியோ சொச்சத்துக்கு விலைபோனது. வாங்கியவர் பிரித்து விற்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது குறுக்கே வந்தவர் இச்சிகாவா ரியோசோ. ஊர்ப் பிரமுகர், அந்தப் பகுதியில் செய்தித்தாள் தொடங்கியவர்களில் ஒருவர் (நம்ம தொழில்காரர்!). ‘இடிக்காதீங்க’ என்று மனு கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. கோபுரத்துக்குள்ளேயே பொருட்காட்சி நடத்த அனுமதி வாங்கினார். 1873-ல் தொடங்கிய அந்தக் காட்சிகளுக்குக் கூட்டம் திரண்டது. அதில் சேர்ந்த பணம் கோபுரத்தை மீட்க உதவியது. அதுவரை சாதாரண ஜனங்கள் கால்வைக்க முடியாத இடம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் இடிபடாமல் தப்பினால் மட்டும் போதுமா? பராமரிப்பு இல்லாமல் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இதற்கு மக்கள் சொன்ன காரணம் வேறு. 1686-ல் வரி உயர்வை எதிர்த்து விவசாயிகள் திரண்டார்கள். கோரிக்கையை ஏற்பதாக எழுதிக் கொடுத்த அதிகாரிகள், பிறகு வாக்கு மாறி 28 பேரைக் கொன்றார்கள். தலைவர் தாதா கசுகே சாகும்போது கோட்டையை முறைத்துப் பார்த்தாராம். அந்தப் பார்வையில்தான் கோபுரம் சாய்ந்ததாம். கதை பிற்காலத்தில் பரவியது, கொலை உண்மை. சாய்வுக்கான நிஜக் காரணம் கல் அடித்தளத்துக்குள் இருந்தது: பாரத்தைத் தாங்கிய 16 மரத்தூண்கள் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போயிருந்தன.

சாய்ந்த கோபுரத்தைக் காப்பாற்ற முன்நின்றவர், வளாகத்திலேயே இயங்கிய பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி உனாரி. நிதி திரட்டி 1903-ல் தொடங்கிய வேலை 1913 வரை இழுத்தது. பிறகு 1950–55-ல் அரசு பெரிய அளவில் பழுதுபார்த்தது. நடுவில் 1952-ல் தேசியப் பொக்கிஷ அந்தஸ்து கிடைத்தது.

இன்று ஜப்பானில் பழைய கோபுரத்தோடு மிஞ்சியவை 12 கோட்டைகள்தான். ஒசாகா, நகோயா கோபுரங்களெல்லாம் 20-ம் நூற்றாண்டில் கான்கிரீட்டில் எழுப்பியவை. ஒசாகாவில் லிஃப்ட் உண்டு. இங்கே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, 61 டிகிரி வரை செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். முட்டிவலிக்காரர்கள் அகழிக்கரையில் நின்று ரசிப்பதே உத்தமம்.

அந்தக் கறுப்பு நிறமும் சும்மா வந்ததல்ல. சுவரின் கீழ்ப்பாதி மரப்பலகைகளுக்கு இயற்கை அரக்குப் பூச்சு. வெயிலும் மழையும் அதை அரித்துவிடும் என்பதால், ஒவ்வொரு வருஷமும் இலையுதிர்காலத்தில் கைவினைஞர்கள் சாரம் கட்டி மறுபடி பூசுகிறார்கள்.