விண்ணப்பத்தில் ஒரு கருணைச் சொல்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் எழுதும் ஆங்கில விண்ணப்பங்களில் 'கம்பாஷனேட்லி' என்னும் சொல்லை அடிக்கடி காண்கிறோம். கருணையுடன், பரிவுடன் என்பது அதன் பொருள். 'உடன்', 'துன்புறுதல்' எனப் பொருள்படும் லத்தீன் சொற்களின் வழிவந்தது அது. உயர்ந்த இடத்திலிருந்து இரங்குவதன்று. பிறர் துயரில் பங்கு கொண்டு செய்வதாகும்.

இவ்வினையுரிச்சொல் எவர் செயலைத் தழுவி நிற்கிறதோ, கருணையும் அவருடையதாகும். 'ஐ கம்பாஷனேட்லி ரிக்வெஸ்ட் யூ' என்று எழுதினால், விண்ணப்பிப்பவரே அதிகாரியின்மீது இரங்குவதாகப் பொருள்பட்டுவிடும்! 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கன்சிடர் மை கேஸ் கம்பாஷனேட்லி' என்பதே செம்மையான வழக்கு.

எம் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களிடம் இச்சொல் பெரும்பாலும் பணிக்காலத்தில் மறைந்தோரின் மனைவி மக்கள் கருணை அடிப்படையில் வேலை கோரும் விண்ணப்பங்களிலேயே வருகிறது. அவ்வேலை உரிமையன்று, திடீர் நெருக்கடியிலிருந்து குடும்பம் மீள்வதற்கான உதவியே என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. குடும்பத்தின் பொருள்நிலையை ஆராய்ந்தே அதனை வழங்கவேண்டும் என்றும், நெடுங்காலம் கழித்துக் கோரலாகாது என்றும் தெளிவுபடுத்தியது.

ஆதலின், அச்சொல்லை ஒருமுறை எழுதினால் போதும். மறைவுற்ற தேதி, அவரை நம்பியிருந்தோர், அவர்தம் வயது, குடும்ப வருவாய், கடன் ஆகியவற்றை ஒளிக்காமல், மிகைப்படுத்தாமல் எழுதுக. தாமதமின்றி அனுப்பி, நகல் ஒன்றை வைத்துக்கொள்க.

துயருற்ற வீட்டில் ஆங்கிலம் அறிந்தார் எவரும் இல்லாதிருக்கலாம். அன்பர்களே, அவ்வேளையில் அண்டையில் வாழும் நாம் உடன் அமர்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். இச்சொல்லின் பொருளை நாம் அறிந்தோம் என்பதற்கு அதுவே சான்றாகும்.