பாம்பைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் அவ்வப்போது ஒரு விசித்திரமான வரிசை நிற்கும். மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா, வாயை இறுக்கிக் கட்டிய தலையணை உறை, இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் கூண்டு என்று ஆளுக்கொன்றோடு மக்கள் காத்திருப்பார்கள். உள்ளே மலைப்பாம்பு, இகுவானா என்னும் பெரிய பல்லி, ஆமை, சில சமயம் தேளும் இருக்கும். எல்லாம் ஒரு காலத்தில் ஆசையாக வாங்கியவை. இப்போது ஒப்படைக்க வந்திருக்கிறார்கள்.

மாநிலத்தின் மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் 2006 முதல் நடத்திவரும் பொதுமன்னிப்புத் திட்டம் இது. உரிமம் இல்லாமல் வளர்த்திருந்தாலும், தடை செய்யப்பட்ட இனமாகவே இருந்தாலும், கொண்டுவந்து கொடுத்துவிட்டால் வழக்கு கிடையாது, அபராதம் கிடையாது, கட்டணமும் கிடையாது. கால்நடை மருத்துவர் ஒவ்வொன்றையும் சோதிப்பார். முன்கூட்டியே விண்ணப்பித்து, அந்த வகைப் பிராணியை வளர்க்கும் அனுபவமும் இடவசதியும் உண்டு என்று காட்டித் தகுதி பெற்றவர்கள் அதே நாளில் வந்து அவற்றை வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். நாய், பூனை போன்ற வழக்கமான வளர்ப்புப் பிராணிகளை மட்டும் இங்கே வாங்கமாட்டார்கள். அவற்றுக்கு வேறு காப்பகங்கள் உண்டு. ஒப்படைப்பு நாள் வரை காத்திருக்க முடியாதவர்களுக்காக ஆண்டு முழுவதும் ஒரு தொலைபேசி எண்ணும் இயங்குகிறது.

சட்டத்தை மீறியவருக்கு இவ்வளவு உபசாரமா என்று கேட்கத் தோன்றும். ஃபுளோரிடா பட்ட பாட்டைப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த பர்மிய மலைப்பாம்பு, முட்டையிலிருந்து வெளிவரும்போது ஏறக்குறைய அரை மீட்டர்தான் இருக்கும். கையில் சுற்றிக்கொண்டு படம் எடுக்கத் தோதான அளவு. சில ஆண்டுகளில் அது 3 மீட்டரைத் தாண்டும். பெண் பாம்பு 5 மீட்டரைக்கூடத் தாண்டலாம். எலி தின்றது போய் முயல் கேட்கும். கண்ணாடிப் பெட்டி போதாமல் ஓர் அறையே வேண்டும். வீட்டில் குழந்தை பிறக்கும், வாடகை வீடு மாற வேண்டிவரும், வீட்டுக்காரர் பாம்பென்றால் படியேற்றமாட்டார். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. உயிரியல் பூங்காக்களில் ஏற்கெனவே போதுமான பாம்புகள் இருக்கின்றன. கொல்ல மனம் வராத மனிதர் ஓர் இரவு காரை எடுத்துக்கொண்டு எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் ஓரம் போய், 'நல்லா இரு' என்று விட்டுவிட்டு வருகிறார். தான் செய்தது இரக்கம் என்றே அவர் நம்புகிறார். சிக்கலின் முடிச்சு அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

எவர்கிளேட்ஸின் வெப்பமும் ஈரமும் பர்மாவைவிட்டு வந்த பாம்புக்குப் பிறந்த ஊரைப் போல அமைந்துவிட்டன. எல்லாப் பழியையும் வளர்த்தவர்கள் மீது போடவும் முடியாது. 1992-இல் வீசிய ஆண்ட்ரூ சூறாவளி ஒரு பாம்புப் பண்ணையைச் சிதறடித்தபோது தப்பியவையும் இதில் சேர்த்தி என்கிறார்கள். எப்படி வந்திருந்தாலும், 2000-ஆம் ஆண்டு வாக்கில் அவை அங்கே முட்டையிட்டுப் பெருகுவது உறுதியாகிவிட்டது. ஒரு பெண் பாம்பு ஓர் ஈட்டில் 50-க்கும் மேல் முட்டையிடக்கூடியது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, சாலையோரம் கண்ணில் படும் விலங்குகளின் எண்ணிக்கையைப் பழைய கணக்கோடு ஒப்பிட்டது. ரக்கூன்கள் 99.3 சதவீதம், ஒப்போசம்கள் 98.9 சதவீதம், பாப்கேட் என்னும் காட்டுப்பூனைகள் 87.5 சதவீதம் குறைந்திருந்தன. பாம்புகளோடு ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி ஒன்றும் வந்து உள்ளூர்ப் பாம்புகளைப் பிடித்துக்கொண்டது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2016-இல் ஃபுளோரிடா நடத்திய மலைப்பாம்பு வேட்டைப் போட்டியில் ஏறத்தாழ 1,000 பேர் பதிவுசெய்து, ஒரு மாதம் அலைந்து 106 பாம்புகளைத்தான் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் பழங்குடியினரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே வரவழைக்கப்பட்டார்கள். உடன் சென்றவர், சென்னை முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர். அமெரிக்க வேட்டைக்காரர்கள் காரில் மெதுவாகப் போய்ச் சாலையோரத்தில் தேட, இருளர்கள் இறங்கிப் புதருக்குள் நடந்தார்கள். தடமும் எச்சமும் பார்த்து, பாம்பு எந்தப் பக்கம் போனது என்று கணித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள்! கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றில் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் ஒன்று. இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர்கள் திறமைக்கு ஈடில்லை. ஆனால், பாம்பு காட்டுக்குள் போன பிறகு நடக்கும் வேலை அது, செலவும் அதிகம். காட்டில் பிடிபடும் மலைப்பாம்புகள் பெரும்பாலும் கொல்லப்படுகின்றன. அதே பாம்பு காட்டுக்குப் போவதற்கு முன் பொதுமன்னிப்பு நாளில் வந்திருந்தால் உயிர் பிழைத்திருக்கும். வாசலில் கேள்வி கேட்டு மிரட்டினால், டப்பாவோடு வந்தவர் அப்படியே திரும்பி ஏதாவதொரு கால்வாயைத் தேடுவார் என்பதை அதிகாரிகள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2021-இல் பச்சை இகுவானா, தேகு என்னும் இன்னொரு பெரிய பல்லி உள்ளிட்ட 16 வகைகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தபோதும் இதே நிதானம்தான். ஏற்கெனவே இகுவானாவோ தேகுவோ வளர்ப்பவர்கள் இலவச அனுமதி பெற்று, பிராணியின் உடலில் அடையாளச் சில்லு பொருத்திக்கொண்டால் போதும், கடைசிவரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஒப்படைப்பது எளிது. அதற்குப் பிறகுதான் கஷ்டம்.

வந்து சேரும் ஊர்வனவற்றில் பல நோயாளிகள். அவற்றின் உடலுக்குத் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கத் தெரியாது. வெளியிலிருந்து வாங்க வேண்டும். பெட்டியின் ஒரு மூலை வெயில் போலவும் மறு மூலை நிழல் போலவும் இருந்தால்தான் உண்டது செரிக்கும். புறஊதா விளக்கும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாமல் வளர்ந்த இகுவானாவின் எலும்பு ரப்பராகிவிடும். தாடை வீங்கி, கால் வளைந்து போகும். பாம்பென்றால் செதிலுக்கடியில் உண்ணி, வாயில் புண், மூச்சுக்குழல் தொற்று. இவை நாய் போல முனகுவதில்லை. நோய் முற்றும் வரை அசையாமல் கிடக்கும். 'சாதுவாக இருக்கிறது' என்று வளர்த்தவர் சொல்லும் பிராணி பல சமயம் சாகக் கிடப்பதுதான். எனவே அனுபவமுள்ள மீட்பாளர்கள் புதிதாக வந்ததை வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பார்கள். தொட்டவர் கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது கட்டாயம். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமப்பவை. குழந்தைகள் நோயுற்றதால்தான் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது.

தேறிய பிராணிக்கு வீடு தேட வேண்டும். சிறுத்தைப் புள்ளிப் பல்லிக்கும் தாடிப் பல்லிக்கும் ஆள் கிடைத்துவிடும். 4 மீட்டர் பாம்புக்கும், உள்ளங்கையளவில் வாங்கி 40 கிலோவுக்கு மேல் வளர்ந்துவிட்ட ஆப்பிரிக்க சல்காட்டா ஆமைக்கும் யார் கை நீட்டுவார்? தோட்டச் சுவரையே இடித்துத் தள்ளக்கூடிய அந்த ஆமை, வளர்ப்பவருக்குப் பிறகும் உயிரோடிருக்கும். அரிசோனா மாநிலத்தில் உள்ளூர்ப் பாலைவன ஆமைகளைத் தத்துக் கொடுக்கும் திட்டத்தில், வேலியிட்ட முற்றமும் ஆமை புகுந்துகொள்ள வளையும் கட்டிக் காட்டினால்தான் தருவார்கள். சொந்தப் பாலைவனத்திலேயே விட்டால் என்ன? விடக் கூடாது, வீட்டில் வளர்ந்த ஆமையின் மூச்சு நோய் காட்டு ஆமைகளுக்குப் பரவிவிடும்.

பிறந்த மண்ணுக்குத் திரும்பும் வாய்ப்பு அபூர்வம். 2018 நவம்பரில் அப்படி ஒன்று நடந்தது. சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானமேறிக் கர்நாடகம் வந்தன. இந்தியாவிலிருந்து கடத்தப்பட்டு, வளர்ப்புப் பிராணிகளாக விற்கப்படும் இனம் அது. இங்கேயும் நேராகக் காட்டில் விடவில்லை. முதலில் தனிமைப்படுத்தல், பரிசோதனை.

வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்குள் கடத்திவரப்படுபவையும் உண்டு. பாங்காக்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் பெட்டிகளில் பந்து மலைப்பாம்பு, இகுவானா, நாணய அளவுச் செங்காது ஆமைக் குஞ்சுகள் சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன. பிடிபட்டவற்றைப் பெரும்பாலும் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். பிடிபடாதவை மீன் தொட்டிகளுக்குப் போகின்றன. நாணய அளவில் வாங்கிய செங்காது ஆமை 25 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, தண்ணீரை நாற அடிக்கத் தொடங்கும்போது நம்மவர்களுக்குத் தோன்றும் முதல் இடம் கோயில் குளம். புண்ணியமும் சேரும் என்று ஒரு நினைப்பு. அரிய இந்திய ஆமைகள் வாழும் குவாஹாட்டி உக்ரதாரா கோயில் குளத்திலேயே செங்காது ஆமை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் உள்ள பிராணி அது.

இந்தியாவும் ஒரு வகைப் பொதுமன்னிப்பைத் தந்துபார்த்தது. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அயல்நாட்டுப் பிராணி வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் ஆவணம் கேட்கமாட்டோம் என்றது. பிறகு 2024 பிப்ரவரியில், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனங்களைப் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதிகள் வந்தன. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாம் தெரிவிக்க வேண்டும். வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு இது சரியான வழி. வைத்துக்கொள்ள முடியாதவருக்கு, ஃபுளோரிடா போல நாள் குறித்து, மருத்துவரை நிறுத்தி, கைநீட்டி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இங்கே இன்னும் உருவாகவில்லை. கேரளத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் மட்டும், செங்காது ஆமையைக் குளத்தில் விடாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள் என்று மக்களிடம் கேட்டு, அப்படி வந்தவற்றை வாங்கி வைக்கும் வேலையைத் தொடங்கியது.