கப்பல் போன ஊரில் ஒரு சனிக்கிழமை

சென்ற வாரம் திரும்பி வரும் காசோலைகள் பற்றி எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சியை இந்த வாரம் எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். கடந்த சனிக்கிழமை காலிக்குப் போய் வந்தேன். அந்தப் பயணம் பற்றியே எழுத மனம் சொல்கிறது. இதுவும் வியாபார விடயம்தான்.

புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில் எங்களுக்கு ஒரு கடை இருப்பது பல வாசகர்களுக்குத் தெரியும். நூல், பொத்தான், சிப், லேஸ் என்று தையல் சாமான்கள் மொத்தமாக விற்கும் கடை. அப்பா தொடங்கியது, வாப்பா வளர்த்தது, நான் காத்தது. மூன்று மாதங்களுக்கு முன் தரகர் ஒருவர் வந்து, கட்டடத்தை விலைக்குக் கேட்டார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு நான் இரண்டு தரம் திருப்பிக் கேட்டேன். என் இரண்டாவது மகன் விற்கச் சொல்கிறான். தையற்காரர்கள் குறைந்துவிட்டார்கள், வாடிக்கையாளர் போனிலேயே சாமான் எடுக்கிறார், வாகனம் நிறுத்த இடமில்லாத தெருவில் எதற்காக இருக்க வேண்டும் என்பது அவன் வாதம். பிழையான வாதமில்லை. எனக்கு மட்டும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

காலிக் கோட்டைக்குள் எனக்கு ஒரு மச்சான் இருக்கிறார். தூரத்து உறவுதான். "ஒரு நாளைக்கு வாங்க மச்சான், வெயிலுக்கு முன்னால வாங்க" என்று பல வருடமாகக் கூப்பிடுகிறார். கடையை மூத்தவனிடம் விட்டுவிட்டு, மனைவியையும் இரண்டாவது மகனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

அதிவேகப் பாதையில் பஸ்ஸில் போனால் விரைவாகப் போகலாம். 2011 நவம்பரில் அந்தப் பாதை திறந்ததிலிருந்து காலி கொழும்புக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. ஆனால் போகும்போது ரயிலில் போவோம் என்றேன். கோட்டை ஸ்டேசனில் கடல் பக்கமாக இடம் பிடித்தோம். பாணந்துறை, களுத்துறை, பேருவளை, அளுத்கம. பேருவளை தாண்டும்போது மனைவி தன் சொந்தக்காரர் பட்டியலை ஆரம்பித்தார், அம்பலாங்கொடையில் முடித்தார். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலிய வருகிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி ரயிலையே புரட்டிய இடம். பெட்டியில் பேச்சு தானாகக் குறைந்தது.

காலி ஸ்டேசனிலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டினால் மதில். மைதானமும் பஸ் நிலையமும் சுனாமியில் அழிந்தபோது இந்த மதில்தான் உள்ளே இருந்தவர்களைப் பெருமளவுக்குக் காப்பாற்றியது. நான் பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்தவன், சரித்திரத்தில் பெரிய அறிவில்லை. ஆனால் மச்சான் வாசலிலேயே காத்து நின்று கதையைத் தொடங்கிவிட்டார்.

போர்த்துக்கீசர் 1588இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1640இல் ஒல்லாந்தர் பிடித்து, கல்லில் பெரிதாகக் கட்டினார்கள். 1796இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பழைய வாசலின் உட்பக்கத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம் இருக்கிறது. இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற வருடம். அந்த வாசலே ஒரு பெரிய களஞ்சியத்தின் அடியில்தான் இருக்கிறது. கறுவாவையும் மற்றச் சரக்குகளையும் அடுக்கிவைத்த இடம். ஊருக்குள் நுழைகிறவன் முதலில் ஸ்டோரைக் கடந்துதான் போக வேண்டும். வியாபாரி கட்டிய ஊர் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. வடிகாலைக்கூட, கடல் ஏறி இறங்கும்போது தானாகக் கழுவிப் போகும்படி அவர்கள் அமைத்தார்கள்.

அவர்களுக்கு முன்பே நம்மவர்கள் இங்கே இருந்தார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா காலியையும் எழுதிவைத்திருக்கிறார். அப்போது சிறிய ஊர். இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தன் வீட்டில் அவருக்கு விருந்து கொடுத்தார். அதற்குப் பிறகு 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனைத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வைப் புகழ்ந்தும் எழுதி, ஏறத்தாழ ஒரே மாதிரியான அன்பளிப்புப் பட்டியலை மூன்றிலும் போட்டிருக்கிறார்கள். எந்த வாடிக்கையாளரும் குறைந்துபோகக் கூடாது என்று நினைத்த ஆள்! 1911இல் காலியில் அதைக் கண்டெடுத்தபோது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம். இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. எத்தனை முறை அந்தப் பக்கம் லொறியில் போயிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை.

மதில் மேல் ஏறி நடந்தோம். வெளிச்சவீட்டின் அடியில் நின்றால் துறைமுகம் முழுவதும் தெரியும். 1848இல் கட்டியது தீயில் அழிந்த பிறகு 1939இல் எழுப்பிய வெளிச்சவீடு இது. மச்சான் கையை நீட்டிக் கடலில் வெள்ளையாக நுரை அடிக்கும் இடங்களைக் காட்டினார். எல்லாம் பாறை.

"இந்தப் பாறைதான் மச்சான் எங்கட ஊரக் கவிழ்த்தது" என்றார்.

விடயம் இதுதான். நீராவிக் கப்பல் வந்த காலத்தில் இலங்கையின் பெரிய துறைமுகம் கொழும்பல்ல, காலி. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் தபால் கப்பல்கள் இங்கேதான் நின்று நிலக்கரி ஏற்றின. வெளிநாட்டுச் செய்தி முதலில் இங்கே இறங்கும். 1850களில் கொழும்புப் பத்திரிகை ஒன்று காலியிலிருந்து புறாக்கள் மூலம் செய்தி எடுத்தது. 1858இல் தந்திக் கம்பி வந்ததும் புறாவுக்கு வேலை போனது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் கப்பல் போக்குவரத்து கூடியது. காலி வியாபாரிகள் இனி நம் காலம் என்று நினைத்திருப்பார்கள். யார்தான் நினைக்க மாட்டார்?

ஆனால் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போயின. வாயிலில் பாறை, மழைக்காலத்தில் திறந்த கடலின் அலை. 1659இலேயே அவொண்ட்ஸ்டெர் என்ற ஒல்லாந்தக் கப்பல் நங்கூரம் நழுவி, துறைக்குள்ளேயே மோதி மூழ்கியது. அரசாங்கம் கணக்குப் பார்த்தது. காலியைத் திருத்துவதா, கொழும்பில் புதிதாக அலைதடுப்பு கட்டுவதா? 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பில் அடிக்கல் வைத்தார். பத்து வருடத்துக்குள் தடுப்பு எழும்பியது. கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்குத் திரும்பின. ரயில் காலிக்கு வந்தது 1894இல்தான். கப்பல் போன பிறகு வந்த ரயில்!

இதில் என் குடும்பமும் இருக்கிறது. என் பூட்டன், அதாவது அப்பாவின் வாப்பா, காலியில் கப்பல்களுக்குச் சாமான் கொடுத்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். கப்பல் குறைந்ததும் கோட்டைக்குள் இருந்த வீட்டை விற்றுவிட்டு, அந்தக் காசோடு புறக்கோட்டைக்கு வந்தார். அந்த வீடு எது என்று மச்சானுக்குத் தெரியும். கூட்டிப் போய்க் காட்டினார்.

இன்று அது ஒரு ஹோட்டல். முன் விறாந்தையில் மரத் தூண்கள், உள்ளே நடு முற்றம், அதில் சிறிய நீச்சல் தடாகம். உள்ளே போகலாமா என்று நான் தயங்கினேன். மனைவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேருக்கும் தேநீர் சொன்னோம். பில் வந்தபோது மகன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். என் பூட்டன் வீட்டு விறாந்தையில் இருந்து தேநீர் குடிக்க நான் காசு கொடுத்தேன். வேலை செய்த பிள்ளை மரியாதையான பிள்ளை. இது எங்கள் வீடாக இருந்தது என்று மனைவி சொன்னதும், இரண்டு துண்டு கேக் கூடுதலாகக் கொண்டுவந்து வைத்தது.

லுஹருக்கு மீரான் ஜும்ஆப் பள்ளிக்குப் போனோம். வெளியிலிருந்து பார்த்தால் தேவாலயம் போலவே இருக்கும், உள்ளே போனால்தான் பள்ளி என்று தெரியும். சப்பாத்தைக் கழற்றும்போது கடற்காற்று முகத்தில் அடித்தது. தொழுகைக்குப் பிறகு மச்சான் வீட்டில் சாப்பாடு. நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, வெள்ளரிச் சம்பல், கடைசியில் வட்டிலப்பம். இதை விரிவாக எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் உண்மையான பேச்சு. 2000களின் தொடக்கத்தில், வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கிருந்த நூறு வீத வரி நீங்கியிருந்த காலத்தில், கோட்டைக்குள் வீடு வாங்கப் பெரிய போட்டி. நம்மவர் வீடுகள் பல கைமாறின. மச்சானின் பக்கத்து வீட்டுக்காரர் விற்றார். தெஹிவளையில் ஒரு மாடி வீடும் ஒரு வேனும் வாங்கினார். மகளுக்குக் கல்யாணம் செய்தார். மிச்சத்தை ஒரு கூட்டு வியாபாரத்தில் போட்டார், அது போய்விட்டது. அவர் வந்தால் இன்றும் தெருவில் நின்று பழைய வீட்டைப் பார்த்துவிட்டுப் போவாராம்.

"நீங்க ஏன் விக்கல்ல?" என்று மகன் கேட்டான்.

"விக்க மனம் இருந்திச்சு மகன். வந்தவர் சொன்ன விலையக் கேட்டுப் பயந்திட்டன். இவ்வளவு தாரார் எண்டா, அவருக்குத் தெரிஞ்ச என்னமோ ஒண்டு எனக்குத் தெரியல்ல. அது என்னெண்டு தெரியாம எப்பிடி விக்கிறது?"

அவர் வீட்டின் முன் பாதியைக் குத்தகைக்குக் கொடுத்தார், பின் பாதியில் குடியிருக்கிறார். முதல் குத்தகையில் ஐந்து வருட முற்பணத்தை மொத்தமாக வாங்கிச் செலவழித்ததை இன்றும் சொல்லி வருந்துகிறார். இரண்டாவது முறை மாத வாடகை, இரண்டு வருடத்துக்கொரு தரம் உயர்வு, கூரைத் திருத்தம் குத்தகைக்காரர் பொறுப்பு என்று நொத்தாரிசு முன் எழுதிக்கொண்டார். இங்கே நினைத்தபடி கொங்கிறீட் போட முடியாது, திருத்த வேலைக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், ஆகவே கூரை என்பது சின்னச் செலவல்ல. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டவருக்குக் காணி விற்பதற்குப் பெரும்பாலும் தடை, குத்தகைக்கு இடமுண்டு. அதனால் குத்தகைக்குத்தான் கேட்டு வருகிறார்கள் என்றார்.

எல்லாம் சுகமாக நடந்ததென்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தெரு வெறிச்சோடியது. அடுத்த வருடம் கொரோனா. 2022இல் எரிபொருள் இல்லை, டொலர் இல்லை. வாடகையைப் பாதியாக்கினார், சில மாதங்கள் அதுவும் வரவில்லை. மச்சி நகையை அடகு வைத்தார். இதைச் சொல்லும்போது அடுக்களையிலிருந்து மச்சியின் இருமல் கேட்டது. மச்சான் பேச்சை மாற்றினார்.

மாலையில் மீண்டும் மதில் மேல். குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன், நடுப்பகலில் மதிலில் ஏறாதீர்கள், நிழல் கிடையாது. அஸருக்குப் பிறகு போங்கள். இரத்தினக்கல் கடைகளில் பார்ப்பதற்குக் காசில்லை, ஆனால் கல்லைப் பற்றித் தெரியாதவர் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நானே ஒரு மோதிரத்தின் விலை கேட்டேன், மனைவி கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

கொடிப்பாறைக் கொத்தளத்தில் இருந்துகொண்டு மகன் சொன்னான்:

"வாப்பா, பூட்டன் வித்தது பிழையெண்டு நீங்க நினைக்கிறீங்க. அந்தக் காசு இல்லாட்டி புறக்கோட்டைல கடை ஏது? இந்த வீட்டப் பிடிச்சிட்டு இருந்தவங்க எத்தன வருசம் சும்மா இருந்தாங்க? கப்பல் போய் நூறு வருசத்துக்குப் பிறகுதானே டூரிஸ்ட் வந்தான். நூறு வருசம் நம்மால காத்திருக்க ஏலுமா?"

எனக்குப் பதில் இல்லை. அவன் சொன்னது சரி. கப்பலோடு கொழும்புக்குப் போனவர்கள்தான் பிழைத்தார்கள். ஆனால் மச்சான் சொன்ன அந்தப் பயமும் சரியாகத்தான் படுகிறது. குறுக்குத் தெருவில் வியாபாரம் குறைகிறது என்று என் மகன் சொல்கிறான். அப்படியானால் வாங்க வருகிறவர் எதைக் கண்டார்? காலி முகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பி எழும்பும் துறைமுக நகரத்தையா? அல்லது இன்னும் இருபது வருடத்தில் புறக்கோட்டையும் இப்படி ஒரு தேநீர் குடிக்கும் இடமாகுமா? நான் கணக்கில் பார்த்தது வருமானம் ஒன்றை மட்டும். அவர் வேறு ஏதோ கணக்கோடு வந்திருக்கிறார்.

மஃரிபுக்குப் பிறகு அதிவேகப் பாதை பஸ்ஸில் ஏறினோம். மனைவி தூங்கிவிட்டார். மடியில் மச்சி கட்டிக் கொடுத்த வட்டிலப்பம். வெலிப்பன்னை தாண்டும்போது தரகரின் அழைப்பு வந்தது. திங்கட்கிழமை முடிவு சொல்ல முடியுமா என்றார்.

"ஒரு மாசம் தவணை தாங்க" என்றேன். "அதுக்கிடையில ஒரு விசயம் கேட்டுச் சொல்லுங்க. மேல் மாடி ரெண்டையும் மட்டும் குத்தகைக்குக் கேப்பாரா? இல்லாட்டி, எங்கட இடத்துல அவர் என்ன செய்யப் போறாரெண்டாவது சொல்லச் சொல்லுங்க."

தரகர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத அவர் எனக்கும் சொல்லல்ல ஹாஜியார்" என்றார்.

பக்கத்துச் சீட்டில் இருந்த மகன் காதிலிருந்த வயரைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான்.