இடைவழியில் நிற்கும் சிறு நிரல்கள்

மேசைக் கணினியில் நாள் முழுதும் வேலை செய்வோரைச் சலிப்படையச் செய்பவை பெரும்பாலும் பெரிய பழுதுகள் அல்ல. நகலெடுத்து வைத்த வரி அடுத்ததை நகலெடுத்ததும் காணாமற்போவது, பெயர் நன்றாகத் தெரிந்த கோப்பைத் தேடச் சொன்னாலும் கணினி நெடுநேரம் தேடிக்கொண்டே இருப்பது, இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய பத்தி தன் நிறத்தோடும் எழுத்தளவோடும் வந்து ஆவணத்தின் ஒழுங்கைக் குலைப்பது என, ஒவ்வொன்றும் சில நொடிகளை விழுங்கும் தொல்லைகளே அவை. இவற்றைத் தீர்ப்பதற்கென்றே எழுதப்படும் சிறு மென்பொருள்கள் பயன்நிரல்கள் எனப்படுகின்றன. பல வேளைகளில் ஒருவர் அல்லது இருவரின் உழைப்பால் உருவாகும் இவை, ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதை மட்டும் செய்கின்றன. இவை இயங்கும் முறையைக் கூர்ந்து நோக்கினால், தொல்லை பிறக்கும் இடமும் புலப்படும்.

வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் என்னும் செயல்கள் இன்றுள்ள வடிவத்தை, 1970களின் நடுப்பகுதியில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கிய ஜிப்சி என்னும் எழுதுமென்பொருளில் பெற்றன. நகலெடுக்கப்பட்டது ஒட்டப்படும்வரை காத்திருக்கும் இடத்துக்குக் கிளிப்போர்டு என்று பெயர். அங்கு ஒரு நேரத்தில் ஒரு பொருளுக்கே இடமுண்டு; புதியது வந்தால் பழையது அழிந்துவிடும். ஆயினும் அந்த ஒரு பொருளே பல வடிவங்களில் அங்கு வைக்கப்படுகிறது. வலைப்பக்கத்திலிருந்து ஒரு பத்தியை நகலெடுக்கும்போது, நிறமும் அளவும் இணைப்பும் கொண்ட வடிவம் ஒன்றும், எழுத்துகள் மட்டுமே கொண்ட வெற்றுரை ஒன்றும் சேர்ந்தே அங்குச் செல்கின்றன; பெற்றுக்கொள்ளும் மென்பொருள், தனக்குப் புரிகின்றவற்றுள் அலங்காரம் மிகுந்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதால்தான் வேண்டாத நிறம் ஆவணத்துக்குள் நுழைகிறது. கிளிப்போர்டில் மாற்றம் நேர்ந்தால் தெரிவிக்குமாறு விண்டோஸிடம் எந்த நிரலும் பதிவுசெய்துகொள்ளலாம். டிட்டோ என்னும் திறந்தமூல நிரல் அவ்வாறு அறிவிப்பைப் பெற்று, வந்தவை அனைத்தையும் தன் தரவுத்தளத்தில் வரிசையாகச் சேமித்து வைக்கிறது. வேறு சில நிரல்கள் அலங்கார வடிவங்களை நீக்கி வெற்றுரையை மட்டும் விட்டுவைக்கின்றன. இயங்குதளத்திலேயே கிளிப்போர்டு வரலாறு என்னும் வசதியை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது 2018 அக்டோபர் மாதப் புதுப்பித்தலில்தான். விண்டோஸ் விசையுடன் ‘வி’ விசையை அழுத்தினால் அண்மையில் நகலெடுத்த 25 பொருள்கள்வரை அதில் தோன்றும். சிறு நிரல்களைப் பயன்படுத்தியோருக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவ்வசதி கிடைத்திருந்தது.

இவ்வகை நிரல்களுள் அறிவுநுட்பத்தால் முதலிடம் பெறத்தக்கது, வாய்டுடூல்ஸ் என்னும் பெயரில் டேவிட் கார்ப்பென்டர் வெளியிட்டுவரும் எவ்ரிதிங் என்னும் தேடுநிரல். வழக்கமான தேடல், ஒரு கோப்புறையைத் திறந்து, அதனுள் இருப்பவற்றைப் பார்த்து, உள்ளே இன்னொரு கோப்புறை இருந்தால் அதற்குள்ளும் சென்று, இவ்வாறே வட்டு முழுவதையும் சுற்றி வருகிறது. விண்டோஸ் தனக்கென ஓர் அட்டவணையை முன்கூட்டியே தயாரித்து வைத்திருப்பினும், அது இயல்பாகக் குறிப்பிட்ட சில கோப்புறைகளை மட்டுமே உள்ளடக்கும். அவற்றுக்கு வெளியே பழைய சுற்றுவழியே கதி. ஆனால் வட்டு, தன்னிடமுள்ள கோப்புகளின் பட்டியலை ஏற்கெனவே தன்னிடமே வைத்திருக்கிறது. 1993இல் விண்டோஸ் என்டியுடன் அறிமுகமான என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையில், ஒவ்வொரு கோப்புக்கும் தலைமைக் கோப்பு அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. பெரும்பாலும் 1,024 பைட் அளவுள்ள அப்பதிவில் கோப்பின் பெயர், அளவு, தேதி, அது எந்தக் கோப்புறைக்கு உரியது என்னும் விவரங்கள் இடம்பெறுகின்றன. நூலகத்தில் அலமாரி அலமாரியாக அலைவதற்கு மாறாக நூற்பதிவேட்டைப் புரட்டுவதுபோல, எவ்ரிதிங் கோப்புறைகளைத் தொடாமல் இந்த அட்டவணையை நேரடியாகப் படித்து, பெயர்களை நினைவகத்தில் அடுக்கிக்கொள்கிறது. பத்து லட்சம் கோப்புகளுக்கு இவ்வேலை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது அதை உருவாக்கியவர் தரும் கணக்கு.

பட்டியலைப் புதுப்பித்து வைப்பதற்கும் அது மீண்டும் வட்டைச் சுற்றுவதில்லை. கோப்பு உருவாவது, பெயர் மாறுவது, அழிவது ஆகிய மாற்றங்களை என்டிஎஃப்எஸ் ஒரு மாற்றக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வல்லது என்பதால், அதில் கடைசியாகப் படித்த இடத்திலிருந்து தொடர்ந்து படித்தாலே போதும். பெயர்கள் நினைவகத்திலேயே இருப்பதால்தான் தேடுபெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டும்போதே விடைகள் சுருங்கி வருகின்றன. இதற்கு எல்லையும் உண்டு. இந்த வேகம் பெயர்த் தேடலுக்கே உரியது. கோப்பின் உள்ளிருக்கும் சொற்களைத் தேட வேண்டுமானால் ஒவ்வொன்றையும் திறந்து படித்தே தீர வேண்டும். பல பென்டிரைவ்களில் உள்ள ஃபேட் வகை முறைமைகளில் இத்தகைய அட்டவணை இல்லாமையால், அங்கே இந்த நிரலும் கோப்புறை கோப்புறையாகவே செல்ல வேண்டியிருக்கிறது.

விசைப்பலகையின் கதை தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. விசை அழுத்தப்படும்போது விசைப்பலகை அனுப்புவது எழுத்தை அன்று, எந்த விசை என்பதைக் குறிக்கும் எண்ணை மட்டுமே. அதை எழுத்தாக மாற்றுவது இயங்குதளம். அந்த எண் உரிய இடத்தைச் சேர்வதற்கு முன் வழியிலேயே அதைப் பார்க்கவும், தடுக்கவும், மாற்றவும் ஒரு நிரலுக்கு இடமளிக்கும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. 2003இல் வெளிவந்த ஆட்டோஹாட்கீ இதைக்கொண்டுதான் கேப்ஸ்லாக் விசையை வேறு பயனுக்கு மாற்றித் தருகிறது. விண்டோஸ் 2000இல் தமிழ் இடம்பெற்றபோது உடன் வந்தது, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் விசைமுறையே. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டின் விளைவாக உருவான தமிழ்99 முறையோ, ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையோ அதில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியவை எ-கலப்பை, நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச நிரல்கள். எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகளுக்கு அடித்தளமாக இருந்த கீமேன், லாவோ மொழியைத் தட்டச்சு செய்வதற்காக மார்க் டர்டின் 1993இல் எழுதியது.

‘அம்மா’ என்னும் சொல்லைத் தமிழ்99 முறையில் அடிப்பவர் அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளையே அழுத்துகிறார். புள்ளிக்குரிய விசையைத் தொடுவதே இல்லை. ஆனால் ஒருங்குறியில் அச்சொல் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியீடுகளால் ஆனது. இரண்டாம் மகரம் வந்ததும், முன்னதற்குப் புள்ளி வேண்டும் என்னும் விதியின்படி அதைத் தானே செருகுவதும், மகரத்தை அடுத்து வரும் ஆகாரத்தைத் தனி உயிராக நிறுத்தாமல் துணைக்காலாக மாற்றுவதும் இடைவழியில் நிற்கும் நிரலின் வேலை. ‘தந்தை’யில் வரும் நகர தகரம் போன்ற இன எழுத்து இணைகளுக்கும் இவ்விதி செல்லும். ‘மமதை’ என்று எழுத விரும்புவோர் மட்டும், முதல் மகரத்துக்குப் பின் அகர விசையைத் தட்டிப் புள்ளியைத் தடுக்க வேண்டும். மொழியை அறிந்த ஒருவர், அதன் இயல்பை விசையோடு பொருத்திப் பார்த்து வகுத்த விதி இது.

இத்தகைய நிரல்கள் நிற்கும் இடங்கள் நுட்பமானவை என்பதை மறத்தல் ஆகாது. விசைகளை இடைமறிக்கும் நிரல் கடவுச்சொல்லையும் பார்க்க வல்லது. கிளிப்போர்டைச் சேமிக்கும் நிரல், நகலெடுத்த வங்கிக் கணக்கு எண்ணையும் சேமிக்கும். வட்டின் அட்டவணையை நேரடியாகப் படிக்க நிர்வாகி உரிமை வேண்டும். விசை திருடும் தீநிரல்கள் கையாளும் வழியும் விசைகளை இவ்வாறு இடைமறிப்பதே. பதிவிறக்கத் தளங்கள் சில, மூல நிறுவியோடு வேண்டாத விளம்பர நிரல்களையும் கட்டித் தருவதால், உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பெறுவதும், ஒத்த பயனுடைய இரண்டு இருப்பின் மூலநிரலைப் பலரும் ஆராயக்கூடிய திறந்தமூல நிரலைத் தேர்வதும் தக்கன.

இங்குக் குறிப்பிட்ட நிரல்கள் அனைத்தையும் விலையின்றிப் பெறலாம். அவற்றை எழுதியோர், உலகெங்கும் உள்ள பல்வேறு கணினிகளில் அவை எங்கே தடுமாறுகின்றன என்பதைத் தாமாக அறிய வழியில்லை. ஆகவே, நாள்தோறும் அவற்றால் பயன்பெறுவோர், பிழை ஒன்றைக் கண்டால் எந்தப் பதிப்பில், எதைச் செய்தபோது நேர்ந்தது என்று இரண்டு வரி எழுதித் தெரிவிக்க வேண்டும்.