புள்ளியும் கோடும் கடக்கும் தொலைவு

சிவகாசிப் பட்டாசுகளுள் புஸ்வாணம் தன் மருந்தின் ஆற்றலை அகலமாகச் சிதறடிக்கும். ராக்கெட்டோ அதனை ஒரே திசையில் குவித்து உயரே எழும். 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலியில் மோர்சு குறியீடு நெடுந்தொலைவு செல்வதற்கும் ஆற்றலின் குவிப்பே காரணம்.

ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் குரலை அனுப்ப ஏறத்தாழ 2,400 ஹெர்ட்சு அகலமுள்ள அலைப்பட்டை வேண்டும். புள்ளி, கோடு ஆகிய இரண்டால் மட்டுமே ஆன மோர்சுக்கு 150 ஹெர்ட்சு அளவே போதும். ஏற்பி அக்குறுகிய பட்டையை மட்டும் கேட்பதால், உடன்புகும் இரைச்சல் பதினாறில் ஒரு பங்காகிறது. எனவே, சில வாட்டு ஆற்றலில் அனுப்பிய குறிப்பும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கடல் கடந்து கேட்கக்கூடும்.

1844ஆம் ஆண்டு மே 24 அன்று சாமுவேல் மோர்சு வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பினார். இந்தியாவில் தந்திச் சேவை 2013 சூலையில் முடிவுற்றது. குறியீடோ ஹாம் வானொலியில் இன்றும் வாழ்கிறது.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையால் அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் அவர்தம் குழுவினரும் ஹாம் வானொலி வழியே செய்திகளைப் பரிமாறி உதவினர். கம்பியும் கோபுரமும் வீழ்ந்த பின்னும் நிலைக்கும் தொடர்பு இது. மின்கலம் தளர்ந்து குரல் இரைச்சலில் அமிழும் வேளையிலும், மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி எனும் உதவிக்குரல் கேட்கும்.